மஞ்சள் பலகைக்கு அப்பால்

நிகிபோர்,
போன ஆண்டு நீ எழுதித் தந்த அபராதச் சீட்டைக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
விருந்தினர்கள் அதையும் படம் பிடிக்கிறார்கள்.
கூடப்பிறந்தவன் கையெழுத்து என்றால்
நம்புவதில்லை.

நான்கு அறை. நீலச் சன்னல்.
நாணல் வேய்ந்த கூரை.
கடலில் இறங்குமுன்
டான்யூப் கடைசியாகக் கைகழுவும் ஊர் என்று
விளம்பரத்தில் எழுதியவள் நான்தான்.
பொய். இன்னும் இரண்டு ஊர் இருக்கிறது.

ஏரிப்பக்கம் வலை போடக்கூடாது என்றது உன் துறை.
சரி.
வருகிறவர்களுக்கோ மீன் சூப் வேண்டும்,
"இந்த ஆற்று மீன்தானே?" என்ற கேள்வியோடு.
எங்கோ ஒரு குளத்தில் தீவனம் தின்ற கெண்டைகள்
செவ்வாய்க்கிழமைப் படகில்
துல்சியாவிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில்
வந்து இறங்குகின்றன.
ஆற்றுத் தண்ணீரில்தான் வேகவைக்கிறேன்.
அந்த அளவுக்கு நேர்மை உண்டு.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
பாதிரியாரிடமும் சொல்லவில்லை.
அவரும் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறார்.

பலகையைத் தாண்டி நூறு மீட்டர் என்று எழுதினாய்.
நீ பார்த்தது திரும்பி வந்த படகை.

வியன்னாவிலிருந்து வந்திருந்தார் ஓட்மார்.
முழங்கை நீளத்துக்கு கேமராக் கண்ணாடி.
"இதே ஆறு எங்கள் ஊரிலும் ஓடுகிறது" என்றார்,
ஏதோ பங்காளி போல.
முந்நூறு லேய் கூடத் தருகிறேன்,
கூடு தெரிந்தால் போதும் என்றார்.
கழிவுத் தொட்டி கட்டிய கடன் பாக்கி இருந்தது.
நீங்கள்தான் கட்டச் சொன்னீர்கள்,
ஏரி கெடக்கூடாது என்று.

மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பால் போனேன்.
அல்லித் தண்டுகள் படகின் வயிற்றை உரசின.
மிதக்கும் நாணல் திட்டில்
சந்தைக்கு விடியுமுன் வந்து
இடம்பிடித்த பெண்களைப் போல
கூழைக்கடாக்கள்,
தாடைப் பைகளைத் தொங்கவிட்டு.
ஓட்மார் மூச்சை அடக்கினார்.
கேமரா ஒருமுறை தும்மியது.

எழுந்தன.
எல்லாமே.
ஆயிரம் ஈரக் கம்பளங்களை
ஒரே நேரத்தில் உதறின மாதிரி.

அவர் வானத்தைப் பார்த்தார்.
நான் திட்டைப் பார்த்தேன்.
வெயிலில் முட்டைகள்,
தூங்கும்போது போர்வை விலகினவர்கள் போல.
கடற்காகங்கள் எங்கிருந்து வந்தனவோ.
மஞ்சள் கரு வழியும் அலகோடு ஒன்று
என்னைத் திரும்பிப் பார்த்தது,
நன்றி சொல்வதுபோல.

பதினொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் துடுப்பை எடுத்தேன்.

இரவு மேசையில் படத்தைக் காட்டினார்.
உண்மையாகவே அழகு, நிகிபோர்.
சிறகுகளுக்கு இடையே
வானமே தெரியவில்லை.
ஐந்து நட்சத்திரம் போட்டார்.
அதைப் பார்த்துத்தான் இந்தக் கோடையில்
ஆகஸ்ட் வரை அறைகள் நிறைந்திருக்கின்றன.
எல்லோருக்கும் அதே படம் வேண்டும்.

இப்போது பலகைக்கு வெகுமுன்பே அணைத்துவிடுகிறேன்.
காத்திருங்கள் என்கிறேன்.
சிலருக்கு ஒரு நாரை வருகிறது.
சிலருக்குக் கொசு.
நேற்று ஒரு பையன்
தண்ணீர்ப்பாம்பு தவளையை விழுங்குவதை
கால்விரல் மறையும்வரை பார்த்தான்.
அவன் அப்பா பாதிப் பணம் திருப்பிக் கேட்டார்.
கொடுக்கவில்லை.

அபராதத்தைத் தள்ளுபடி செய் என்று
கேட்க வரவில்லை. கட்டிவிட்டேன்.
குறைவாக எழுதியிருக்கிறாய்,
அதைச் சொல்லத்தான்.

இன்று காலை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தேன்.
நான்கு அறையும் தூக்கத்தில்.
கூரைக்கு மேலே
சிறகசைக்காமல், ஓசையே இல்லாமல்
நாற்பதோ ஐம்பதோ போயின.
யாரையும் எழுப்பவில்லை.
கடைசியாகப் போன ஒன்று
மூன்றாம் அறையின் வெள்ளை விரிப்பில்
தன் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனது.

மறுபடி அலசிப் போட்டேன்.
வாடகையில் சேர்க்கவில்லை.